சிறு மரப் படகுக்கு எந்தப் பாய், அதை எப்படிக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது 10 அடியிலிருந்து 16 அடி வரை நீளமுள்ள, மேல்தளம் இல்லாத திறந்த படகைப் பற்றி. ஒருவரோ இருவரோ ஏறலாம், துடுப்பு போடலாம், காற்று வந்தால் பாய் விரிக்கலாம். பந்தயத்துக்கென்றே செய்த இலேசான படகுகளுக்கு இந்தப் பதில்களில் பாதி பொருந்தாது.

சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்து நிற்பது பாய்மரம். பாயின் மேல் விளிம்பைத் தாங்கும் கம்பு பருமல். கீழ் விளிம்பில் இருக்கும் கம்பு பூம். பருமலை மேலே ஏற்றும் கயிறு ஹால்யார்ட். பூமைக் கீழே இழுத்துப் பாயின் முன்விளிம்பை விறைப்பாக்குவது டவுன்ஹால். பாயை இழுக்கவும் விடவும் கையில் பிடித்திருக்கும் கயிறு தாமான். நாற்கோணப் பாயின் மூலைகளை முன்மேல், பின்மேல், முன்கீழ், பின்கீழ் என்று குறிப்பிடுகிறேன்.

இப்போது எங்கு பார்த்தாலும் உயரமான முக்கோணப் பாய்தானே? நாற்கோணப் பாய் எதற்கு?

காற்றை எதிர்த்து ஏறுவதில் முக்கோணப் பாய் கெட்டிதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு உயரமான பாய்மரம் வேண்டும். அதை நிறுத்த இரண்டு பக்கமும் முன்னாலும் கம்பி கட்ட வேண்டும். பாயை இறக்கிய பிறகும் அந்த நீள மரம் மேலே நின்று படகை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

நாற்கோணப் பாய் அதே பரப்பைக் குறைந்த உயரத்தில் தருகிறது. காற்றின் தள்ளல் தாழ்வாக விழுவதால் படகு குறைவாகச் சாய்கிறது. கம்புகள் எல்லாம் குட்டையாக இருப்பதால் படகுக்குள்ளேயே கிடத்திவிடலாம். காற்று நின்றுபோனால் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே போட்டுவிட்டுத் துடுப்பு போடலாம். பக்கக் காற்றிலும் பின்காற்றிலும் நன்றாகக் கட்டிய நாற்கோணப் பாய் எதற்கும் சளைத்ததில்லை.

என்னென்ன வகைகள் உண்டு? என் படகுக்கு எது?

ஸ்பிரிட் பாயில் பருமலே கிடையாது. பாயின் முன்விளிம்பு நேராகப் பாய்மரத்தில் கட்டப்பட்டிருக்கும். ஒரு மெல்லிய கம்பு குறுக்கே சாய்வாகப் போய்ப் பின்மேல் மூலையை மேலே தள்ளிப் பிடிக்கும். 1947-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் படகில் இருப்பது இதுதான். உலகம் முழுக்கக் குழந்தைகள் அதில்தான் பாயோட்டக் கற்கிறார்கள், சென்னைத் துறைமுகத்திலும்தான். மலிவு, எளிமை. ஆனால் காற்று ஏறும்போது பரப்பைக் குறைப்பது இதில் சிரமம். 35 சதுர அடிப் பாய்க்கு அது பெரிய குறை இல்லை, 80 சதுர அடி என்றால் குறைதான்.

லக் பாயில் பருமல் பாய்மரத்துக்கு முன்னாலும் கொஞ்சம் நீண்டிருக்கும். இதில் மூன்று உட்பிரிவுகள் உண்டு. முதல் வகை டிப்பிங் லக். இதன் முன்கீழ் மூலையைப் பாய்மரத்துக்கு வெகு முன்னால், படகின் முனைப் பக்கம் கட்டுவார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் மீனவர்கள் இதை வைத்துக்கொண்டு கடும் கடலில் தொழில் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறை படகைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பும்போதும் பருமலைத் தாழ்த்தி மரத்தின் மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். ஆள்பலம் இருந்தால் சரி, தனியாகப் போகிறவர் இதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது ஸ்டாண்டிங் லக். முன்கீழ் மூலை பாய்மரத்தின் அடியிலேயே நின்றுவிடும், திரும்பும்போது எதையும் மாற்ற வேண்டாம். பூம் இல்லாமலும் ஓட்டலாம். தலையில் இடிக்க ஒன்றும் இல்லை என்பதால் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இது நல்லது.

மூன்றாவது பேலன்ஸ் லக். பருமலைப் போலவே பூமும் பாய்மரத்துக்கு முன்னால் சற்று நீண்டிருக்கும். பூமின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு முன்னால் இருந்தால் பாதுகாப்பான தொடக்கம். பாயின் ஒரு பகுதி மரத்துக்கு முன்னால் இருப்பதால் தாமானில் கைக்கு வரும் இழுவை குறைகிறது, பின்காற்றில் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும்போது அடியும் மெதுவாக விழுகிறது. சீனத்து ஜங்க் கப்பல்களின் குறுக்குச் சட்டம் வைத்த பாயும் இதே குடும்பம்தான்.

கண்டர் வகையில் பருமல் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி, பாய்மரத்தையே நீட்டியது போல நிற்கும். முக்கோணப் பாயின் நன்மை பெருமளவு கிடைக்கும், கம்புகளும் குட்டை. 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் இருவரும் உருவாக்கிய மிரர் படகு இதற்கு நல்ல உதாரணம். டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவோடு வந்ததால் அந்தப் பெயர், அந்தச் சிவப்புப் பாய். ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழை நாடா ஒட்டி வீட்டிலேயே கட்டக்கூடிய 10 அடி 10 அங்குலப் படகு அது. இதுவரை 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. கம்புகள் படகின் நீளத்துக்குள் அடங்கியதால் கார் கூரையில் வைத்து ஏரிக்குக் கொண்டுபோக முடிந்தது.

தனியாகவோ ஒரு துணையோடோ போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது பேலன்ஸ் லக். ஒரே பாய், ஒரே ஹால்யார்ட், ஒரே டவுன்ஹால், ஒரு தாமான். மரத்தைத் தாங்கக் கம்பி வேண்டாம். கரைக்கு வந்து பத்து நிமிடத்தில் தண்ணீரில் இருக்கலாம்.

முன்னால் ஒரு சின்ன ஜிப் பாயும் சேர்த்தால் வேகம் கூடாதா?

கண்டர் பாயோடு சேர்ப்பது வழக்கம், அங்கே பலனும் உண்டு. லக் பாயோடு பெரும்பாலும் வீண். ஜிப் நன்றாக வேலை செய்ய அதன் முன்விளிம்பு விறைப்பாக நிற்க வேண்டும். கம்பித் தாங்கல் இல்லாத பாய்மரம் முன்னால் வளைந்துகொடுத்துவிடும். இரண்டு கயிறு கூடுதலாகக் கையில் வரும், ஆதாயம் தெரியாது.

எத்தனை சதுர அடிப் பாய் வேண்டும்?

இருக்கும் படகுகளைப் பார்த்தால் ஒரு அளவு பிடிபடும். 7 அடி 9 அங்குல ஆப்டிமிஸ்டுக்கு சுமார் 35 சதுர அடி. மிரருக்குப் பெரிய பாயும் ஜிப்பும் சேர்ந்து 70-ஐ ஒட்டி. ஆஸ்திரேலியரான மைக்கேல் ஸ்டோரர் வடிவமைத்த கோட் ஐலண்ட் ஸ்கிஃப், 15 அடி 6 அங்குலத்தில் 105 சதுர அடி பேலன்ஸ் லக் சுமக்கிறது. அது இலேசான, விரைந்து ஓடும் படகு, ஆள் விளிம்பில் உட்கார்ந்து சமன்படுத்த வேண்டும். 12 அடியில் சாதாரண அகலமுள்ள குடும்பப் படகுக்கு 65 முதல் 80 சதுர அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பாயின் பரப்பு எவ்வளவு என்பதைப் போலவே, சாய்வை எதிர்க்க உங்களிடம் என்ன எடை இருக்கிறது என்பதும் முக்கியம். அதிராம்பட்டினம் பக்கத்துப் பழைய வத்தைப் படகுகள் லக் பாய்களைத் தாங்கியது காற்றுப் பக்கம் நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்ததால்தான். உங்கள் படகில் தனியாகப் போவீர்கள் என்றால், இருவர் எடைக்கு வரைந்த பாயை அப்படியே விரிக்காதீர்கள், பாயின் அடிப்பகுதியை மடித்துப் பூமோடு கட்டிப் பரப்பைக் குறைக்கும் முதல் மடிப்பைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தத் துணி?

பாய்க்கென்றே நெய்த பாலியஸ்டர், அதாவது டெரிலீன் அல்லது டேக்ரான். இந்த அளவுப் படகுக்கு 4 அவுன்ஸ் துணி போதும். பாய் தைப்பவர்களின் அந்தக் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 170 கிராம் வரும். ரெசின் பூசி மொடமொடவென்று இருக்கும் பந்தயத் துணியைத் தவிருங்கள். லக் பாயைப் பருமலோடு சுருட்டிக் கட்டுவீர்கள், மடிப்பீர்கள், மிதிபடும். மென்மையான துணி அதையெல்லாம் தாங்கும்.

தைக்கக் கொடுக்கும்போது இரண்டு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் பருமல் எவ்வளவு வளைகிறது என்பது ஒன்று. இரண்டு நுனியையும் தாங்கலில் வைத்து நடுவில் ஒரு தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து கொடுங்கள். பாயின் மேல்விளிம்பு அந்த வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட வேண்டும். நேரான கம்புக்கு வெட்டிய பாயை வளையும் கம்பில் கட்டினால் பாயின் வயிறு, அதாவது காற்றை வாங்கும் உப்பல், தட்டையாகிவிடும், அதன்பின் எந்தக் கயிற்றை இழுத்தாலும் சரியாகாது. இரண்டாவது, பரப்பைக் குறைக்கும் மடிப்பு வரிசைகள் இரண்டு வேண்டும் என்பது. ஒன்று போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அந்தச் செம்பழுப்பு நிறம் அழகுக்குத்தானா?

இன்று அழகுக்குத்தான், கண் கூசாது என்ற வசதியும் உண்டு. பருத்தி, ஆளி நாரில் பாய் தைத்த காலத்தில் அது பாதுகாப்பு. ஈரத்தில் துணி உளுத்துப்போகாமல் இருக்க மரப்பட்டைச் சாற்றில் ஊறவைப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மீனவர்கள் அதற்குக் காசுக்கட்டியைக் காய்ச்சிப் பயன்படுத்தினார்கள். நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் அதே காசுக்கட்டிதான், இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறிப் போனது. தேம்ஸ் ஆற்றுச் சரக்குப் படகுகளின் சிவப்பு, காவி மண்ணையும் மீன் எண்ணெயையும் குழைத்துப் பூசியதால் வந்தது.

பாயைப் பருமலில் எப்படிக் கட்டுவது?

முதலில் இரண்டு மூலைகள். முன்மேல் மூலையைப் பருமலின் முன்நுனியில் அசையாமல் கட்டுங்கள். பின்மேல் மூலையை நுனியை நோக்கி இழுத்துக் கட்டுங்கள், கையால் இழுத்தால் சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும். இரண்டு மூலையிலும் இன்னொரு கட்டு வேண்டும், மூலையைப் பருமலை விட்டு விலகாமல் கம்போடு சேர்த்து இறுக்கும் கட்டு. பலரும் இந்த இரண்டாவது கட்டை விட்டுவிடுகிறார்கள். மூலை கீழே தொங்கி, முழுப் பாரமும் அடுத்த கண்ணில் (கயிறு கோக்கப் பாயின் விளிம்பில் போட்ட துளையில்) விழுந்து, அங்கே துணி கிழியும்.

நடுவில் உள்ள கண்களுக்கு ஒரே நீளக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே போகலாம். ஆனால் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிச் சிறு கட்டு போடுவதே நல்லது. ஒன்று அறுந்தால் மற்றவை நிற்கும். எல்லாக் கட்டும் ஒரே இறுக்கத்தில், துணிக்கும் கம்புக்கும் இடையே விரல் நுழையாத இடைவெளியில் இருக்கட்டும்.

பூமில் நடுக்கட்டுகள் வேண்டாம். முன்கீழ் மூலையையும் பின்கீழ் மூலையையும் மட்டும் கட்டினால் போதும். மென்காற்றில் பின்கீழ் மூலையை அரை அங்குலம், ஒரு அங்குலம் விட்டால் பாய்க்கு வயிறு வரும். காற்று ஏறினால் இழுத்துத் தட்டையாக்குங்கள்.

ஹால்யார்டைப் பருமலில் எந்த இடத்தில் கட்டுவது?

முன்நுனியிலிருந்து பருமலின் மூன்றில் ஒரு பங்குக்கும் ஐந்தில் இரண்டு பங்குக்கும் நடுவே ஏதோ ஒரு இடத்தில். வரைபடத்தில் ஒரு புள்ளி போட்டிருந்தாலும் அதை ஆரம்பமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டும் இடம் அதிகம் முன்னால் போனால் பின்நுனி தொங்கும். அதிகம் பின்னால் போனால் பருமல் மிகச் செங்குத்தாக ஏறும். இரண்டு இரண்டு அங்குலமாக நகர்த்திப் பார்த்து, சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் குறித்து, கயிறு வழுக்காமல் இருக்க ஒரு சின்ன மரத்துண்டை ஒட்டிவிடுங்கள்.

பருமல் பாய்மரத்தைவிட்டு ஊசலாடாமல் இருக்க, மரத்தைச் சுற்றி ஒரு கயிற்று வளையம் வேண்டும். அதில் மரமணிகளைக் கோத்தால் ஏற்றும்போதும் இறக்கும்போதும் சிக்காது. மரமும் பருமலும் உரசும் இடத்தில் தோல் சுற்றித் தையுங்கள்.

டவுன்ஹாலை எவ்வளவு இறுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். லக் பாய் காற்றை எதிர்த்து ஏறாது என்று குறைப்படுகிறவர்களின் படகைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் டவுன்ஹால் தளர்ந்து கிடக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பேலன்ஸ் லக்கில் இந்த ஒரு கயிறு மூன்று வேலை செய்கிறது. பாயின் முன்விளிம்பை நேராக விறைக்கிறது. பருமலின் முன்நுனியைக் கீழே இழுப்பதால் பின்நுனி உயர்ந்து, பாய் முழுதாக விரிகிறது. மூன்றாவது வேலைதான் அருமையானது. டவுன்ஹால் பூமைப் பிடிப்பது பாய்மரத்துக்குப் பக்கத்தில், முன்கீழ் மூலை இருப்பதோ அதற்கும் முன்னால். விறைத்த முன்விளிம்பு பூமின் முன்நுனியை மேலே இழுக்க, பூம் அந்தப் பிடியில் நெம்புகோலாகி, பின்நுனி கீழே அமுங்குகிறது. காற்று பூமைத் தூக்கிப் பாயின் மேல்பாதியை முறுக்கிவிடாமல் அதுவே தடுத்துவிடுகிறது. மற்றப் படகுகளில் இதற்கென்று தனிக் கயிறும் கப்பியும் வைக்கிறார்கள்.

வெறும் கையால் அந்த விறைப்பு வராது. சின்னக் கப்பிகள் போட்டு இழுவையை மூன்று அல்லது நான்கு மடங்காக்குங்கள். அந்தக் கயிறு நீளாத வகையாக இருக்க வேண்டும். முன்விளிம்பைத் தட்டினால் அது தொளதொளக்காமல் அதிர வேண்டும். மென்காற்றில் கொஞ்சம் தளர்த்தலாம், காற்று ஏற ஏற இறுக்குங்கள். கிளம்பிக் கால் மணி நேரத்தில் கட்டுகள் எல்லாம் படிந்து விறைப்பு குறைந்திருக்கும், அப்போது இன்னொரு முறை இழுங்கள்.

பாயில் குறுக்கே நீளமான சுருக்கம் விழுகிறது. பாய் தைத்தது தவறா?

தைத்தவரைக் குறை சொல்லும் முன் சுருக்கம் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள். முன்மேலிலிருந்து பின்கீழுக்குப் போனால் பின்நுனி போதுமான அளவு உயரவில்லை. டவுன்ஹாலை இறுக்குங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஹால்யார்டைப் பருமலில் சற்றுப் பின்னால் தள்ளிக் கட்டுங்கள். பின்மேலிலிருந்து முன்கீழுக்குப் போனால் அது அதிகமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் பாயை ஏற்றி நிறுத்தி, காற்று இன்னும் நிறையாதபோது இந்த இரண்டாவது சுருக்கம் இலேசாகத் தெரிவது நல்ல அறிகுறி. காற்று நிறைந்ததும் மறைந்துவிடும்.

ஸ்பிரிட் பாய்க்கும் இதே கணக்குதான். சாய்வுக் கம்பைத் தள்ளும் கயிறு தளர்ந்தால் முதல் சுருக்கம், மிஞ்சினால் இரண்டாவது. பருமலை ஒட்டி ஒவ்வொரு கட்டிலிருந்தும் குட்டிக் குட்டியாகச் சுருக்கம் இறங்கினால் பாயின் மேல்விளிம்பை நுனிப் பக்கம் இன்னும் இழுக்க வேண்டும்.

பாய் மரத்தின் ஒரு பக்கத்தில்தானே இருக்கிறது? மறுபக்கக் காற்றில் மரத்தில் அழுந்தி வேகம் குறையாதா?

குறையும், கொஞ்சம்தான். முன்விளிம்பு விறைப்பாக இருந்தால் ஓட்டுகிறவருக்கே வித்தியாசம் தெரிவது கடினம். இதற்காகப் பாயை ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கம் மாற்ற வேண்டாம்.

சுக்கானைப் பலமாக இழுத்துப் பிடித்தால்தான் படகு நேராகப் போகிறது. ஏன்?

பாயின் தள்ளல் விழும் இடம், நீருக்குள் இருக்கும் பலகை தாங்கும் இடத்துக்கு அதிகம் பின்னால் இருக்கிறது. அதனால் படகின் முன்பக்கம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கிறது. விரல் அளவு இழுவை இருப்பது நல்லது, சுக்கானை விட்டால் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடும். கை வலிக்கும் அளவு என்றால் சரிசெய்ய வேண்டும்.

முதலில் படகைச் சாயாமல் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் சாய்ந்த படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். பிறகு பாயை மொத்தமாகச் சில அங்குலம் முன்னால் தள்ளுங்கள். ஹால்யார்டையும் டவுன்ஹாலையும் பின்னால் நகர்த்திக் கட்டினால் பாய் முன்னால் போகும். நடுப்பலகை கீல் வைத்து மடங்குவதாக இருந்தால் அதைச் சற்று உயர்த்தினாலும் தாங்கும் இடம் பின்னால் போகும். பாய்மரத்தை முன்பக்கம் இலேசாகச் சாய்ப்பது கடைசி வழி.

எப்போது பாயின் பரப்பைக் குறைக்க வேண்டும்? எப்படி?

குறைக்கலாமா என்று மனதில் தோன்றிய அந்த நிமிடமே. காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்கு) காற்று 14 நாட் ஆனாலே தள்ளல் ஏறக்குறைய இரட்டிக்கிறது. அலைகளில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் புதியவர்கள் முதல் மடிப்போடுதான் போக வேண்டும். கரையிலேயே சந்தேகம் இருந்தால் கரையிலேயே மடித்துக் கட்டுங்கள். தண்ணீரில் மடிப்பை அவிழ்ப்பது சுலபம், போடுவது சிரமம்.

செய்யும் வரிசை இது: தாமானை முழுதாக விடுங்கள், டவுன்ஹாலைத் தளர்த்துங்கள், ஹால்யார்டைத் தேவையான அளவு இறக்குங்கள். முதலில் முன்விளிம்பின் புதுக் கண்ணைப் பூமில் கட்டுங்கள். பிறகு பின்விளிம்பின் கண்ணைப் பின்பக்கமாக இழுத்து, பூமோடும் சேர்த்துக் கட்டுங்கள். இந்த இரண்டும்தான் பாரத்தைத் தாங்கும். நடுவில் தொங்கும் சிறு கயிறுகள் மிச்சத் துணியைச் சேர்த்துப் பிடிக்க மட்டுமே. அவற்றை இறுக்கிக் கட்டினால் பாய் அங்கே கிழியும். அப்புறம் பருமலை ஏற்றி, டவுன்ஹாலை மறுபடி நன்றாக இறுக்குங்கள். கண்டர் பாயில் ஹால்யார்டைப் பருமலில் வேறு இடத்துக்கு மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். அதைக் கரையில் பழகாமல் தண்ணீரில் முயல வேண்டாம்.

பின்காற்றில் ஓடும்போது படகு இடமும் வலமும் உருளுகிறது.

தாமானை அதிகம் விட்டிருக்கிறீர்கள். பாயின் மேல்பாதி முறுக்கிப் பாய்மரத்துக்கு முன்னால் போய்ப் படகைத் தவறான பக்கம் தள்ளுகிறது. தாமானைக் கொஞ்சம் இழுங்கள், நடுப்பலகையில் பாதியை இறக்குங்கள், நேர்ப் பின்காற்றை விட்டு ஒரு பக்கமாக ஓட்டுங்கள். டவுன்ஹாலையும் பாருங்கள்.

எந்தக் கயிறு?

ஹால்யார்டுக்கு முன்னரே இழுத்துப் பதப்படுத்திய பாலியஸ்டர், 6 மி.மீ. நைலான் வேண்டாம், நீளும். தாமானுக்கு 8 மி.மீ. மென்மையான பின்னல் கயிறு. 6 மி.மீ. பாரம் தாங்கும், ஆனால் கை தாங்காது. தாமானை எங்கும் நிலையாகக் கட்டிவைக்காதீர்கள். திடீர்க் காற்றில் கையை விட்டால் பாய் காற்றை விட்டுவிட வேண்டும், படகு கவிழாமல் இருப்பது அதனால்தான்.

புதுப் பாய்க்குக் காசு இல்லை. பழைய பாயை வெட்டித் தைக்கலாமா?

பழைய துணியின் பின்விளிம்பை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், தையல் நூலை இழுத்துப் பாருங்கள். வெயில் முதலில் தின்பது நூலை. நூல் அறுந்து துணி கெட்டியாக இருந்தால் மறுபடி தைத்துப் பயன்படுத்தலாம்.

அதைவிட நல்ல யோசனை, முதலில் தார்பாலின் ஷீட்டில் ஒரு பாய் செய்துபார்ப்பது. விளிம்புகளை நேர்க்கோடாக வெட்டாமல் கொஞ்சம் வெளிவளைவு கொடுத்து வெட்டினால்தான் வயிறு வரும். ஒரு பருவம் அதில் ஓட்டுங்கள். ஹால்யார்ட் எங்கே, டவுன்ஹால் எங்கே, மரம் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த பிறகு நல்ல துணிக்குச் செலவு செய்யலாம்.

வீட்டுக்கு வந்ததும் பாயை என்ன செய்வது?

உப்பு நீரில் போயிருந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். நிழலில் உலர்த்துங்கள், காற்றில் படபடக்க விடாதீர்கள். பருமலை ஒட்டித் தளர்வாகச் சுருட்டி, வெயில் படாத உறையில் வையுங்கள். சுருட்டும் முன் பின்கீழ் மூலையின் இழுகயிறைத் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் அடிவிளிம்பு இழுபட்டே கிடந்து நீண்டுபோகும்.